மேலாளர் லைசென்ஸ் கணக்கை மாற்றச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் ஐ.டி. பிரிவில் வேலை பார்க்கும் 31 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

ஆலையின் பஞ்சுக் கொள்முதல், கிடங்கு, நூல் விற்பனை, கணக்கு எல்லாம் எஸ்.ஏ.பி. என்ற நிறுவனம் அதே பெயரில் விற்கும் மென்பொருளில் நடக்கின்றன. புதிதாகச் சேர்பவருக்கு யூசர் ஐடி போடுவது, பாஸ்வேர்டு மறந்தவருக்கு மாற்றிக் கொடுப்பது, இரவு பேக்கப் சரியாக ஓடியதா என்று பார்ப்பது எல்லாம் இவர் பொறுப்பு. ஆலை வாங்கி வைத்திருப்பது 140 பேருக்கான லைசென்ஸ். மென்பொருள் நிறுவனத்திடமிருந்து இந்த மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது: ஆண்டு அளவீட்டைச் செய்து முடிவை நான்கு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று. எத்தனை பேர் எந்த வகையில் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணித் தரும் யு.எஸ்.எம்.எம். என்ற திரை அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. இவர் அதைத் திறந்து, அன்றாட வேலை நடக்கும் உற்பத்தி சர்வரிலும் சோதனை சர்வரிலும் மேம்பாட்டு சர்வரிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். 168, 41, 22 என்று வந்தது. கூட்டினால் 231. வாங்கியதைவிட 91 அதிகம்.

மேலாளரிடம் சொன்னபோது அவர் முதலில் கோபப்பட்டது எண்ணைப் பார்த்து அல்ல. "அதை ஏன் திறந்தாய்? திறந்தாலே அவர்களுக்குத் தகவல் போய்விடும்" என்றாராம். மறுநாள் கூப்பிட்டு, வாய்மொழியாக ஒரு வழி சொன்னார்: தொண்ணூறு யூசர்களை நீக்கிவிடு, மிச்சம் உள்ளவர்களை விலை குறைந்த வகைக்கு மாற்று, அளவீட்டை ஓட்டி அனுப்பு, அனுப்பியதும் எல்லாரையும் பழையபடி போட்டுவிடு, யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவான லாக்கையும் அழித்துவிடு. இது போதாதென்று, மூன்று கிடங்குகளில் மூன்று ஷிப்டிலும் வேலை செய்யும் ஒன்பது பேர் ஒரே ஐடியில் நுழைகிறார்கள். நூல் ஏஜென்ட்கள் ஆர்டர் போடும் மொபைல் ஆப்பும் ஒரே ஒரு பொது ஐடி வழியாக எஸ்.ஏ.பி.க்குள் வந்து போகிறது.

"நான் அந்தத் திரையைத் திறந்தது குற்றமா? சொன்னபடி செய்தால் ஜெயிலா? செய்யாவிட்டால் வேலை போகுமா? பேசாமல் மென்பொருள் நிறுவனத்துக்கே எழுதிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த இடத்தில் பயப்பட வேண்டுமோ அங்கே நீங்கள் பயப்படவில்லை. பயப்படத் தேவையில்லாத இடத்தில் தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்கள். 140-க்கு மேல் எண்ணிக்கை போனது பணத்தால் தீரக்கூடிய விஷயம். அதை மறைக்க உங்கள் கையால் செய்யச் சொல்கிறார்களே, அது பணத்தால் தீராது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் மற்றக் கேள்விகளுக்குப் பதில் எளிது.

திரையைத் திறந்தது தவறா?

இல்லை. யு.எஸ்.எம்.எம். ஒளித்து வைக்கப்பட்ட உளவுக் கருவி அல்ல. வாடிக்கையாளரே தன் பயன்பாட்டை எண்ணிக்கொள்ளட்டும் என்று மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அதை ஓட்டுவது ஒரு படி. வந்த முடிவை அனுப்புவது வேறொரு படி. ஓட்டிய உடனே எங்கும் போய்விடாது. முடிவை நீங்கள் பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்தி, மறுபடி ஓட்டி, நிறுவனத்தில் பொறுப்பானவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். உங்கள் மேலாளர் இந்த இரண்டு படிகளையும் ஒன்றாக நினைத்துவிட்டார். ஆண்டு முழுக்க அந்தத் திரையைத் திறக்காமலே இருந்ததுதான் இன்றைய 168-க்குக் காரணம் என்பது என் கணிப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்திருந்தால் வேலையை விட்டுப் போனவர்களின் ஐடி இவ்வளவு சேர்ந்திருக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. மென்பொருளை நிறுவ வந்த ஆலோசகர்கள் உங்களுக்கு 'எஸ்.ஏ.பி. ஆல்' என்ற முழு அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கணினியில் ஒரு கதவு திறக்கிறது என்பதாலேயே அதற்குள் போக அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவதைப் பற்றிப் பேசுகிறது. யூசர்களைப் பராமரிப்பதே உங்கள் வேலை என்பதால் நீங்கள் அதற்குள் வரமாட்டீர்கள். இருந்தாலும் நாளை யாராவது கேட்டால் காட்ட ஒரு வரி கையில் இருக்கட்டும். "ஆண்டு லைசென்ஸ் அளவீட்டுப் பணியை நான் செய்கிறேன், அதற்காக இந்த அதிகாரங்கள் என்னிடம் உள்ளன" என்று மேலாளருக்கும் அவருக்கு மேல் உள்ளவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். முழு அதிகாரத்தைக் கழற்றிவிட்டு, அளவீட்டுக்கும் யூசர் பராமரிப்புக்கும் தேவையான அளவு மட்டும் தனி ரோலாக வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரம் குறைந்தால் உங்கள் மேல் விழக்கூடிய சந்தேகமும் குறையும்.

231 என்ற எண்ணை முதலில் விடுங்கள்

மூன்று சர்வரில் வந்த எண்ணைக் கூட்டியது கணக்குப்படி சரி, லைசென்ஸ்படி தவறு. எஸ்.ஏ.பி.யில் லைசென்ஸ் ஆளுக்கு, சர்வருக்கு அல்ல. ஒரே ஆள் மூன்று சர்வரில் இருந்தால் ஒரே ஆள்தான். இதைச் சேர்த்து எண்ணித் தரவே எஸ்.எல்.ஏ.டபிள்யூ. என்ற இன்னொரு கருவி இருக்கிறது. மூன்று யு.எஸ்.எம்.எம். முடிவுகளையும் அதற்குள் கொண்டுவந்தால் ஒரே ஆளின் பல ஐடிகளை ஒன்றாகச் சேர்த்துவிடும். ஒரே ஆளுக்கு ஒரு சர்வரில் ஒரு பெயரும் இன்னொன்றில் வேறு பெயரும் போட்டிருந்தால் அது தானாகச் சேராது. மின்னஞ்சல் முகவரி போன்ற பொதுவான விவரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

சோதனை, மேம்பாட்டு சர்வர்களில் இருக்கும் 63 ஐடிகளும் உங்கள் ஆட்களுடையவைதான் என்றால், நாம் பார்க்க வேண்டிய எண் 168. வெளி ஆலோசகர்கள் யாராவது அதில் கலந்திருந்தால் அவர்களைத் தனியே எழுதி வையுங்கள்.

அந்த 168-இல் 21 பேர் வேலையை விட்டுப் போனவர்கள் என்கிறீர்கள். அவர்களை எடுத்துவிடுவதில் ஒரு தவறும் இல்லை. அது மறைப்பு அல்ல, உண்மை நிலவரம். ஐடியைப் பூட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பூட்டியதோடு நிற்காமல் எஸ்.யு.01 திரையில் செல்லுபடி முடியும் தேதியையும் போடுங்கள். அதற்கு முன் ஒரு வேலை: அந்த 21 ஐடிகளும் கடைசியாக எப்போது உள்ளே நுழைந்தன என்று ஆர்.எஸ்.யு.எஸ்.ஆர்.200 அறிக்கையில் பாருங்கள். இரண்டு வருடம் முன்பு போனவரின் ஐடியில் போன வாரம் யாரோ நுழைந்திருந்தால், அங்கே ஓர் உயிருள்ள ஆள் லைசென்ஸ் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரை எண்ணிக்கையில் சேர்த்தாக வேண்டும். லைசென்ஸைவிடப் பெரிய பாதுகாப்புச் சிக்கல் அது.

21 பேர் போனால் 147. இனி ஏறும் பக்கம். கிடங்கில் ஒன்பது பேர் ஒரு ஐடியில் வேலை செய்கிறார்கள். ஷிப்ட் மாறித்தானே வருகிறார்கள், ஒரே நேரத்தில் இல்லையே என்று கேட்கிறீர்கள். பெயர் எழுதிய பஸ் பாஸை மூன்று பேர் வெவ்வேறு நேரத்தில் காட்டிக்கொண்டு போக முடியாது அல்லவா, பெயர் சொல்லிக் கொடுக்கும் லைசென்ஸும் அப்படித்தான். உங்கள் விஷயத்தில் ஒரே நேரத்திலும் நடக்கிறது. ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் அதே ஐடியில் நுழைந்தால் ஒரு பெட்டி வந்து மூன்று வழி கேட்கும். ஊழியர்கள் "மற்றதை முடிக்காமல் தொடர்க" என்பதையே தட்டுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டியில் மேலே உள்ள வரிகளை யாரும் படிப்பதில்லை. ஒரே ஐடியில் பலமுறை நுழைவது லைசென்ஸ் ஒப்பந்தத்தில் அடங்காது, தொடர்ந்தால் அது பதிவு செய்யப்படும், அந்தப் பதிவைப் பார்க்க எஸ்.ஏ.பி.க்கு உரிமை உண்டு என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு முறை தட்டும்போதும் யு.எஸ்.ஆர்.41_எம்.எல்.டி. என்ற பட்டியலில் ஒரு தடயம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒன்பது பேருக்கும் தனித்தனி ஐடி போடுங்கள். எண்ணிக்கையில் எட்டு கூடும்.

155. வாங்கியது 140. இடைவெளி 91 அல்ல, 15. மேலாளரிடம் நீங்கள் எடுத்துப் போக வேண்டிய எண் இதுதான். அவரைப் பதறவைத்த எண்ணே தப்பான எண்.

இன்னும் ஒன்று. லைசென்ஸில் ப்ரொஃபஷனல், லிமிடெட் ப்ரொஃபஷனல், எம்ப்ளாயீ என்று விலை வேறுபட்ட வகைகள் உண்டு. வகையே போடாமல் விட்ட யூசரைக் கருவி பெரும்பாலும் விலை கூடிய வகையில் தள்ளிவிடும். உங்கள் அறிக்கையில் ப்ரொஃபஷனல் எண்ணிக்கை வாங்கியதைவிட மிக அதிகமாகத் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். விடுப்பு விண்ணப்பம் மட்டும் போடும் ஊழியரைக் குறைந்த வகைக்கு மாற்றுவது நியாயம். அதற்குத்தான் அந்த வகை. கொள்முதல் மேலாளரை அந்த வகைக்கு மாற்றுவது நியாயமில்லை. எந்த வகை யாருக்கு என்பதை உங்கள் ஒப்பந்தத்தோடு இணைந்த வரையறைப் பக்கம் சொல்லும். அதைப் படித்து, ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் அவர் செய்யும் வேலையை ஒரு வரி எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அனுப்பி முடித்த பிறகும் அப்படியே இருக்கப்போகும் மாற்றம் என்றால் செய்யுங்கள். அளவீட்டு நாளுக்கு மட்டும் என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

ஏஜென்ட்களின் மொபைல் ஆப்

கடிதத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கவலை. "ஆப் எங்களுடையது, ஐடி ஒன்றுதான், ஆகவே ஒரு லைசென்ஸ்" என்ற எண்ணம் நிறைய நிறுவனங்களில் இருக்கிறது.

2017 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் எஸ்.ஏ.பி. நிறுவனத்துக்கும் டியாஜியோ என்ற மதுபான நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்புச் சொன்னது. டியாஜியோவின் விற்பனைப் பிரதிநிதிகளும் வாடிக்கையாளர்களும் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் தளத்தில் உருவாக்கிய இரண்டு செயலிகள் வழியாக ஆர்டர் போட்டார்கள். அந்தத் தகவல் இடையில் ஒரு இணைப்பு மென்பொருளைத் தாண்டி எஸ்.ஏ.பி.க்குள் போனது. இணைப்பு மென்பொருளுக்குத் தனியே பணம் கட்டியிருக்கிறோம், அதுவே போதும் என்பது டியாஜியோவின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. மறைமுகமாக வந்தாலும் அது பயன்பாடுதான், அவர்களுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்றது. எஸ்.ஏ.பி. கேட்டிருந்த தொகை சுமார் 5 கோடியே 45 லட்சம் பவுண்டு. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை. பொறுப்பு உண்டு என்பதை மட்டும் சொன்னது.

இங்கிலாந்துத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துக்காட்டலாம், எடுபடவும் கூடும். கடைசியில் உங்கள் ஒப்பந்தத்தில் 'பயன்பாடு' என்பதை எப்படி வரையறுத்திருக்கிறார்கள் என்பதே முடிவு செய்யும். அந்த வழக்குக்குப் பிறகு, 2018-இல், எஸ்.ஏ.பி. வேறொரு வழியையும் கொண்டுவந்தது. வெளியிலிருந்து வருபவர்களை ஆள் கணக்கில் எண்ணாமல், அவர்களால் உள்ளே உருவாகும் ஆவணங்களை எண்ணுவது. விற்பனை, கொள்முதல், இன்வாய்ஸ் என்று ஒன்பது வகை ஆவணங்கள். உருவாக்கும்போது மட்டும் எண்ணிக்கை. பிறகு திறந்து பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் இல்லை. விற்பனை ஆர்டரில் உள்ள ஒவ்வொரு வரியும் தனியாக எண்ணப்படும். ஓர் ஏஜென்ட் ஒரே ஆர்டரில் ஆறு வகை நூல் கேட்டு ஆறு வரி போட்டால் ஆறு.

உங்கள் ஒப்பந்தம் அதற்கு முந்தையது என்றால் புது முறைக்கு மாற வேண்டும் என்ற கட்டாயம் உடனே இல்லை. ஆனால் எது லாபம் என்று போட்டுப் பார்க்க வேண்டும். ஏஜென்ட்கள் எத்தனை பேர், அந்தப் பொது ஐடி போன ஆண்டு எத்தனை ஆர்டர் வரிகளை உருவாக்கியது என்ற இரண்டு எண்களை எடுத்து வையுங்கள். ஏஜென்ட்கள் அதிகம், ஆளுக்குப் போடும் ஆர்டர் குறைவு என்றால் ஆவணக் கணக்கு மலிவாக இருக்கலாம். சிலரே இருந்து நாள் முழுக்க ஆர்டர் போட்டால் ஆள் கணக்கு. இந்த முடிவை நீங்கள் எடுக்கக் கூடாது, உங்கள் மேலாளரும் எடுக்கக் கூடாது. நிர்வாக இயக்குநர் எடுக்க வேண்டியது இது. யாரும் கேட்பதற்கு முன் மென்பொருள் நிறுவனத்திடம் போய்ச் சொல்ல வேண்டுமா என்பதையும் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வழக்குரைஞரோடு உட்கார்ந்து அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

நீக்கிவிட்டு மறுபடி போட்டால்?

முதலில் அது வேலைக்கு ஆகாது. யார் எந்த யூசரை எந்த நாளில் எத்தனை மணிக்கு உருவாக்கினார், நீக்கினார் என்பதை எஸ்.ஏ.பி. மாற்ற ஆவணமாக எழுதி வைக்கிறது, எஸ்.யு.ஐ.எம். திரையில் அதற்கு அதிகாரம் உள்ள எவரும் எடுத்துப் பார்க்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை தொண்ணூறு யூசர்கள் மறைந்து திங்கட்கிழமை அதே பெயரில் திரும்பி வந்தால், தணிக்கைக்கு வருபவர் முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொரு வரியிலும் இருக்கப்போவது உங்கள் ஐடி. வாய்மொழியாகச் சொன்ன மேலாளரின் பெயர் எங்கும் இருக்காது.

லாக்கை அழிப்பது அதைவிட மோசம். உங்கள் ஆலையின் கணக்குப் புத்தகம் அந்த மென்பொருளுக்குள்தான் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கணக்குகளை மென்பொருளில் வைத்திருக்கும் கம்பெனிகள் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் வசதியை நிறுத்த முடியாதபடி வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவு ஆண்டு முழுக்க இயங்கியதா, யாராவது கை வைத்தார்களா என்று சட்டப்படியான தணிக்கையாளர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். லைசென்ஸை மறைக்கக் கிளம்பி எந்தப் பதிவை அழிக்கிறோம் என்று தெரியாமல் அழித்தால், கம்பெனியின் நிதி அறிக்கையில் தணிக்கையாளரின் குறிப்பாக அது வந்து நிற்கும். அந்த அறிக்கை பேங்க்காரர்களுக்கும் போகும்.

உங்களுக்கு நேரடியாக வரக்கூடியது: பாரதிய நியாய சன்ஹிதாவின் 344-ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் 477-ஏ. எழுத்தராகவோ அலுவலராகவோ ஊழியராகவோ இருப்பவர் ஏமாற்றும் நோக்கத்தோடு, முதலாளியின் வசம் உள்ள மின்னணுப் பதிவை அழித்தாலோ மாற்றினாலோ பொய்யாக்கினாலோ ஏழு ஆண்டு வரை சிறை. "மேலாளர் சொன்னார், செய்தேன்" என்பது தண்டனையைக் குறைக்கக் கேட்க உதவலாம், குற்றத்திலிருந்து விடுவிக்காது. உங்கள் பாஸ்வேர்டைக் கொடு, நானே செய்துகொள்கிறேன் என்று மேலாளர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நீங்கள் செய்ததாகத்தான் பதிவாகும்.

எண்ணிக்கை கூடியதற்கு ஜெயிலா?

இதில் உங்களைப் பொய்யாகத் தேற்ற விரும்பவில்லை, பயமுறுத்தவும் விரும்பவில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி கணினி நிரலும் ஒரு படைப்பு. 63-ஆம் பிரிவில் தெரிந்தே பதிப்புரிமையை மீறுவதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. நிரலின் திருட்டுப் பிரதியைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்கு 63-பி பிரிவு தனியாக இருக்கிறது. 63-ஆம் பிரிவுக் குற்றம் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடியது, பிணையில் விட முடியாத வகை என்று 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் மேலாளர் எங்கோ கேட்டு உங்களிடம் சொன்ன "போலீஸ் வரும்" என்ற பேச்சு இப்படிப் பிறந்திருக்கலாம்.

ஆனால் உங்கள் ஆலை பயன்படுத்துவது திருட்டுப் பிரதி அல்ல. பணம் கொடுத்து, ஒப்பந்தம் போட்டு வாங்கிய மென்பொருள். 140 பேர் என்று சொல்லி 155 பேர் பயன்படுத்துவது முதலில் ஒப்பந்த மீறல். அதையே பதிப்புரிமை மீறல் என்றும் ஒரு வழக்குரைஞர் வாதாடலாம். நிரலை உருவாக்கியவர் பக்கத்திலிருந்து நானும் அப்படித்தான் வாதாடுவேன். நடைமுறையில் இப்படிப்பட்ட இடைவெளி பெரும்பாலும் பேச்சுவார்த்தையில், கூடுதல் லைசென்ஸ் வாங்குவதில் முடிகிறது. அளவீட்டை மறுத்து, கடிதங்களுக்குப் பதில் போடாமல், பதிவுகளை மாற்றிய தடயமும் இருந்தால் அப்போது பாதை மாறுகிறது. மென்பொருள் வழக்குகளில் எதிர்த் தரப்புக்குச் சொல்லாமலே நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனரை அனுப்பிக் கணினிகளைப் பார்வையிடும் உத்தரவை தில்லி உயர் நீதிமன்றம் கொடுத்திருக்கிறது. உண்மையான எண்ணோடு பேச உட்காருபவர்கள் அந்த நிலைக்குப் போவது அரிது.

பணம் எவ்வளவு ஆகும்? 15 லைசென்ஸின் விலை, அதன்மேல் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். லைசென்ஸ் மதிப்பில் 22 சதவீதம் என்ற அடிப்படை பரவலாக உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எண் என்று பாருங்கள். கூடுதலாகப் பயன்படுத்திய நாளிலிருந்து பின்தேதியிட்டும் பராமரிப்பு கேட்கலாம். அபராதம் என்று ஒரு பெரிய தொகை எழுதியிருந்தால், அதை அப்படியே கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடே கிடைக்கும். உங்கள் ஒப்பந்தம் வேறு நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்று எழுதியிருந்தால் மட்டும் இந்தப் பதில் மாறும். விலையிலும் பேரம் பேசலாம். தணிக்கைக் கடிதம் வந்த பிறகு வாங்குவதைவிட, "எங்களுக்கு 15 குறைகிறது, வாங்கிக்கொள்கிறோம்" என்று நாமே சொல்லி வாங்கும்போது தள்ளுபடி கேட்க இடம் இருக்கும்.

மேலாளரிடம் எப்படிப் பேசுவது?

குற்றம் சாட்டும் குரலில் போகாதீர்கள். அவர் 91 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்துதான் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். ஒரு தாளில் 168, 21, 8, 155, 15 என்று எழுதிக்கொண்டு போய், "சார், நான் போன முறை சொன்ன கணக்கு தப்பு, இதுதான் சரி" என்று ஆரம்பியுங்கள். தப்பை உங்கள் மேல் போட்டுக்கொள்வதில் இங்கே ஒன்றும் குறைந்துவிடாது. அவர் இறங்கி வர வழி கிடைக்கும். பிறகு, நீக்கிப் போடும் யோசனை ஏன் மாட்டும் என்பதை மாற்ற ஆவணத் திரையைத் திறந்தே காட்டுங்கள். கண்ணால் பார்த்தால் பெரும்பாலோர் அதோடு விட்டுவிடுவார்கள்.

பேசி முடித்த அன்றே ஒரு மின்னஞ்சல்: "இன்று பேசியபடி, வேலையை விட்டவர்களின் ஐடியை முடித்துவைத்து, கிடங்கு ஊழியர்களுக்குத் தனி ஐடி போட்டு, அளவீட்டை மறுபடி ஓட்டுகிறேன். யூசர்களைத் தற்காலிகமாக நீக்குவதும் பதிவுகளை அழிப்பதும் செய்யவில்லை." குற்றச்சாட்டு இல்லாமல், நடந்ததை மட்டும் எழுதுங்கள். முதலில் ஓட்டிய அளவீட்டின் முடிவையும் அலுவலக அமைப்புக்குள்ளேயே சேமித்து வையுங்கள். வீட்டு மின்னஞ்சலுக்கு அனுப்பவோ பென் டிரைவில் எடுக்கவோ வேண்டாம். அதில் ஊழியர்களின் விவரங்கள் இருக்கின்றன, உங்கள் மேலேயே குற்றச்சாட்டு திரும்பும்.

அவர் கேட்காவிட்டால் அடுத்த படி கம்பெனிக்குள்ளேதான். வங்கிகளிடம் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய கம்பெனி, பங்குச் சந்தையில் பட்டியலிட்டதாக இல்லாவிட்டாலும், ஊழியர்கள் முறையீடு செய்ய ஒரு வழியை ஏற்படுத்தியிருக்க வேண்டும் என்று கம்பெனிகள் சட்டம், 2013-இன் 177-ஆம் பிரிவும் அதன் விதிகளும் சொல்கின்றன. முறையிட்டவரைப் பழிவாங்காமல் பாதுகாக்கவும் அதில் இடம் இருக்க வேண்டும். நடுத்தர அளவு நூற்பாலைகள் பலவற்றுக்கு அந்த அளவு கடன் இருக்கும். கம்பெனி செக்ரட்டரியிடமோ நிதித் தலைவரிடமோ கேளுங்கள். லைசென்ஸ் மீறல் வெளியே வந்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு கம்பெனியை நடத்தும் பொறுப்பில் உள்ளவர்களைத்தான் முதலில் தேடும் என்பதால், இயக்குநர்களுக்கு உங்கள் பேச்சைக் கேட்க நல்ல காரணம் இருக்கிறது.

மென்பொருள் நிறுவனத்துக்கு நீங்களாக எழுத வேண்டாம். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் பிரிவு இருக்கும். உள்ளே எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்காமல் வெளியே போனால் அந்தப் பிரிவை உங்கள் மேல் வீசுவார்கள். வேலை போகுமா என்ற கேள்விக்குப் போகாது என்று நான் உறுதி தர முடியாது. சட்டவிரோதமான உத்தரவை மறுத்ததற்காக நீக்கினார்கள் என்று காட்ட நாள் வாரியாக எழுத்து இருந்தால் வழக்காட வலுவான இடம் இருக்கும். அந்த எழுத்தை உருவாக்கும் நேரம் இப்போதுதான்.

கடிதத்தைப் பார்த்தால் நான்கு வாரக் கெடுவில் பத்து நாள் போய்விட்டது. யூசர் பட்டியலைச் சரிசெய்து, துறைத் தலைவர்களின் கையெழுத்து வாங்கி, ஏஜென்ட் ஆப்பைப் பற்றி நிர்வாகம் முடிவெடுக்க மிச்ச நாள் போதாது. ஒப்பந்தத்தின் தணிக்கைப் பிரிவில் அவகாசம் பற்றி என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இன்னும் முப்பது நாள் கேட்டு இந்த வாரமே கடிதம் போகட்டும். கையெழுத்து இயக்குநருடையதாக இருக்கட்டும், உங்களுடையதாக வேண்டாம்.